குறட்டைக்கு உண்ணாக்கு வெட்டும் ஒப்பரேசன்: செய்யலாமா, விடலாமா?

மாங்குளம் டிப்பர்காரன்

எல்லோருக்கும் வணக்கம். வயது 44. ஒட்டுசுட்டான் பக்கமிருந்து கிரவல் ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிக்கு ஓடுகிறேன். உயரம் 5 அடி 6 அங்குலம், நிறை 94 கிலோ. பிறசருக்கு இரண்டு வருடமாகக் குளிசை எடுக்கிறேன்.

குறட்டை கலியாணம் முடித்த காலத்திலேயே இருந்தது. ஆனால் இப்போது மனைவி சொல்வது வேறு கதை. குறட்டை விட்டுக்கொண்டே இருந்து திடீரென்று சத்தம் அடங்கிவிடுமாம். நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குமாம், மூச்சு மட்டும் வராதாம். அவள் எண்ணத் தொடங்கினால் 20, 30 வரைக்கும் போகுமாம். பிறகு குளத்துக்குள் அமிழ்த்தி எடுத்தவனைப்போல ஒரு இழுப்பு, மறுபடி குறட்டை. பாவம், பல நாள் நித்திரை கொள்ளாமல் எனக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு இருக்கிறாள்.

போன மாதம் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் வழக்கம்போல இறங்கித் தேங்காய் உடைத்தேன். கச்சான் வாங்கிக்கொண்டு ஏறி இஞ்சினை ஸ்டார்ட் பண்ணியது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது கச்சான் விற்கிற அம்மா கண்ணாடியில் தட்டியதுதான். கச்சான் முழுக்க மடியில் கொட்டிக் கிடந்தது, இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கியர் போட்டு ஏ9 வீதியில் ஏறிய பிறகு அந்த நித்திரை வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

ஒரு தனியார் இடத்தில் காட்டினேன். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடத்தில், உண்ணாக்கையும் பக்கத்துச் சதையையும் வெட்டினால் குறட்டை போய்விடும் என்றார்கள். கேட்ட காசுக்கு ஒரு சிறுபோக நெல்லை விற்றாலும் காணாது. செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

தியேட்டர் தாதி, வவுனியா

அண்ணை, முதலில் ஒரு கேள்வி. நித்திரைப் பரிசோதனை செய்தீர்களா? ஸ்லீப் ஸ்டடி என்பார்கள். மூக்கில் ஒரு குழாய், நெஞ்சில் ஒரு பட்டி, விரலில் ஒட்சிசன் பார்க்கும் கிளிப் போட்டு ஒரு இரவு முழுக்கப் பதிவு எடுப்பது.

மாங்குளம் டிப்பர்காரன்

இல்லைத் தங்கச்சி. அப்படி ஒன்று இருப்பதாகவே அங்கே யாரும் சொல்லவில்லை.

தியேட்டர் தாதி, வவுனியா

அப்படியென்றால் காசு கட்டாதீர்கள். கொஞ்சம் விபரமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

உங்கள் மனைவி சொல்வது அப்படியே ஸ்லீப் அப்னியாவின் அடையாளம். நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை ஒட்டிக்கொள்கிறது. ஒட்சிசன் இறங்குகிறது, மூளை பயந்து உங்களை அரைகுறையாக எழுப்புகிறது, பாதை திறக்கிறது. எழும்பியது உங்களுக்கே தெரியாது. ஒரு மணித்தியாலத்தில் இப்படி எத்தனை தடவை மூச்சு 10 விநாடிக்காவது நிற்கிறது அல்லது நன்றாகக் குறைகிறது என்று எண்ணி ஒரு இலக்கம் தருவார்கள். அதன் பெயர் ஏஎச்ஐ. வளர்ந்தவர்களுக்கு 5க்குக் கீழே இருந்தால் பிரச்சினை இல்லை. 5 முதல் 15 வரை இலேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமையானது. இந்த இலக்கம் கையில் இல்லாமல் தொண்டையில் கத்தி வைத்தால், பிறகு குணமா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது?

அடுத்தது, எந்த இடத்தில் ஒட்டுகிறது என்பது. மூக்குக்குப் பின்னாலா, மென் அண்ணத்திலா (மேல்வாயின் பின்பக்கச் சதை), பக்கச் சுவரிலா, நாக்கின் அடியிலா, குரல்வளை மூடியிலா? பலருக்கு இரண்டு மூன்று இடம். உங்களுக்குச் சொன்னது அண்ணத்து ஒப்பரேசன். தொண்டையின் இரண்டு பக்கமும் இருக்கிற ரொன்சிலை எடுத்து, மென் அண்ணத்தின் ஓரத்தையும் உண்ணாக்கையும் வெட்டித் தைப்பது. அமெரிக்காவின் டெட்ரொயிட்டில் புஜிற்றா என்ற வைத்தியர் இதை 1981இல் எழுதினார். தொடக்கத்தில் எல்லோருக்கும் செய்தார்கள். ஆளைத் தேர்ந்தெடுக்காமல் செய்தால் பாதிப் பேருக்கும் பலனில்லை என்று பிறகு தெரிந்தது.

யாருக்குப் பலன் என்று பிரீட்மன் என்பவர் 2002இல் பிரித்துக் காட்டினார். ரொன்சில் பெரிதாகவும், வாயைத் திறந்தால் நாக்கு மறைக்காமல் உண்ணாக்கு நன்றாகத் தெரிவதாகவும் இருந்தால் 100 பேரில் 80 பேருக்குப் பலன். ரொன்சில் சிறிதாகி, நாக்கு எழும்பி அண்ணத்தை மறைத்தால் 100க்கு 8 பேர் அளவில்தான். ஒப்பரேசன் ஒன்றுதான், தொண்டைதான் வேறு வேறு.

வீட்டில் ரோச் லைற் இருக்கும்தானே. நாக்கை வெளியே நீட்டாமல் வாயை அகலத் திறந்து, அண்ணியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, சொன்னால் கோபிக்காதீர்கள். பரிசோதனை முடிந்து மருத்துவம் தொடங்கும் வரைக்கும் டிப்பர் ஓட வேண்டாம். அந்த ரோட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள்.

மாங்குளம் டிப்பர்காரன்

ரோச் அடித்துப் பார்த்தாயிற்று. உண்ணாக்கைக் காணவே இல்லை, நாக்குத்தான் மேலே நிற்கிறது என்கிறாள். ரொன்சிலும் தெரியவில்லையாம்.

ஓடாமல் இருக்கச் சொல்வது விளங்குகிறது. லீசிங் காசு மாதம் பிறந்தால் கட்ட வேண்டும். மச்சானிடம் கேட்டிருக்கிறேன், அவன் கொஞ்ச நாள் ஓடித் தருவான்.

அக்கராயன் குளத்தடி

தம்பி, எனக்கு 61 வயது, வயல்காரன். நீங்கள் கேட்கிற ஒப்பரேசனை 2016இல் செய்தவன் நான். எங்கே, யார் என்பது இங்கே தேவையில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதல் 14 நாள் எச்சில் விழுங்கினாலே காது வரைக்கும் குத்தும். கஞ்சியை ஆறவைத்து, வடித்து, கரண்டியால் குடித்தேன். 6 கிலோ இறங்கினேன். எட்டாம் நாள் இரத்தம் வந்து மறுபடி வாட்டில் இரண்டு நாள். அதெல்லாம் போகட்டும், ஆறிவிட்டது. மாறாதது ஒன்று இருக்கிறது. அவசரமாகக் குடித்தால் மூக்கால் வரும். அண்ணம் கட்டையாகிப்போனதால் மூக்குப் பக்கம் முழுதாக மூடுவதில்லை. மகளின் கலியாண எழுத்துக்கு வந்த சம்பந்தி வீட்டாருக்கு முன்னால் பிளேன்ரீ மூக்கால் வழிந்தது. அன்றிலிருந்து வெளியிடத்தில் நான் எதையும் குடிப்பதில்லை.

ஆனால் குறட்டை நின்றது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. நானும் வருத்தம் போய்விட்டது என்றே நினைத்தேன். பிறசர் மட்டும் இறங்கவில்லை, மூன்று குளிசையாகியது. பகல் அசதியும் போகவில்லை, வயதென்று விட்டுவிட்டேன். ஒன்றரை வருடம் கழித்து வேறொரு வைத்தியர் நித்திரைப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஒப்பரேசனுக்கு முன் 41, பின் 29. சத்தம்தான் போனது, மூச்சு நிற்பது போகவில்லை. சத்தம் இருந்த காலத்தில் மனைவியாவது தட்டி எழுப்புவாள். ஒன்றரை வருடம் சத்தமில்லாமல் மூச்சு நின்றுகொண்டிருந்தது.

இப்போது சீபாப் இயந்திரம் போட்டுப் படுக்கிறேன், நான்காவது வருடம். அது எப்படி வேலை செய்கிறது என்று வயல்காரனுக்கு விளங்குகிற மாதிரிச் சொல்கிறேன். வோட்டர் பம்பில் கிணற்றுப் பக்கம் ஏன் கம்பிச் சுருள் வைத்த விறைப்பான குழாய் போடுகிறோம்? மெல்லிய குழாயைப் போட்டால் உறிஞ்சும்போது நெளிந்து ஒட்டிக்கொள்ளும். அதே மெல்லிய குழாயைத் தண்ணீர் தள்ளுகிற பக்கத்தில் போட்டால் உருண்டு திரண்டு நிற்கும். எங்கள் தொண்டை அந்த மெல்லிய குழாய்தான். சீபாப் முகமூடிக்குள்ளால் காற்றைத் தள்ளுகிறது, தொண்டை ஒட்டாமல் நிற்கிறது. வெட்டுத் தையல் ஒன்றுமில்லை.

பரந்தன் சந்தி

ஐயாவின் அனுபவம் கவலையானது. ஆனால் இதை வாசிக்கிறவர்கள் ஒப்பரேசன் என்றாலே கூடாது என்று நினைக்கக் கூடாது. என் தம்பிக்கு 29 வயது, மெலிந்த உடம்பு. இரண்டு ரொன்சிலும் நடுவில் முட்டிக்கொண்டு நிற்கும், சோறு விழுங்கவே கஷ்டம். ஏஎச்ஐ 27. ரொன்சிலை எடுத்து, அண்ணத்தை வெட்டாமல் பக்கத்துத் தசையை இழுத்துத் தைத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பரிசோதனை, ஏஎச்ஐ 4. இயந்திரம் இல்லை, ஒன்றும் இல்லை. அவன் சீபாப்பை மூன்று மாதம் முயன்றான். முகமூடி மூச்சு முட்டுகிறதென்று நடு இரவில் பிடுங்கி எறிவான். போடாத இயந்திரம் அலுமாரிக்குள் இருந்து என்ன பயன்?

தியேட்டர் தாதி, வவுனியா

உங்கள் தம்பிதான் அந்த ஒப்பரேசனுக்குச் சரியான ஆள். இளவயது, மெலிந்த உடம்பு, பெரிய ரொன்சில், முன்னுக்கும் பின்னுக்கும் பரிசோதனை. பக்கத் தசையை மடித்துத் தைப்பது 2007க்குப் பிறகு வந்த முறை. உண்ணாக்கை வெட்டி எறிவதைவிட, இருக்கிற தசையை இழுத்துக் கட்டிப் பாதையை அகலமாக்குவதையே இப்போது பல வைத்தியர்கள் விரும்புகிறார்கள். ஐயாவுக்கு நடந்ததுபோல மூக்கால் வருவது இதில் குறைவு.

லேசரால் உண்ணாக்கைச் சுடுகிற முறைக்கு அப்னியாவுக்கென்று போகாதீர்கள். தழும்பு இறுகிப் பாதை ஒடுங்கவும் கூடும்.

விசுவமடு வெங்காயம்

எனக்கு மூக்குத் தண்டு வளைவு. அதை நேராக்கினால் அப்னியா போகுமா?

தியேட்டர் தாதி, வவுனியா

அது மட்டும் செய்து ஏஎச்ஐ பெரிதாக இறங்குவதில்லை. ஆனால் மூக்கு அடைத்தவருக்குச் சீபாப் போடுவது கஷ்டம். மூக்கைத் திறந்துவிட்டால் குறைந்த அழுத்தத்திலேயே இயந்திரம் வேலை செய்யும், முகமூடியும் பழகும். அந்த வகையில் நல்ல ஒப்பரேசன்.

புதுக்குடியிருப்பு ரீச்சர்

சிறு பிள்ளைகளைப் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். என் மகனுக்கு அப்போது ஆறு வயது. தலையைப் பின்னுக்கு எறிந்து, வாயைத் திறந்துகொண்டுதான் படுப்பான். தலையணை வியர்வையில் ஊறிவிடும். ஐந்து வயதுக்குள் நின்றுபோன, படுக்கையில் மூத்திரம் போவது திரும்பத் தொடங்கியது. வகுப்பில் ஒரு நிமிடம் இருக்கமாட்டான், குழப்படி என்று அடியும் வாங்கினான். ஒரு ரீச்சராக இருந்தும் நானே அவனைக் குழப்படிக்காரன் என்றுதான் நினைத்தேன். வளர்ந்தவர்களுக்கு நித்திரை கெட்டால் தூங்கி விழுவார்கள், பிள்ளைகளுக்கு நித்திரை கெட்டால் துள்ளுவார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

அரச ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை கிளினிக்கில் காட்டி ரொன்சிலும் மூக்குக்குப் பின்னால் இருக்கிற அடினொயிட்டும் எடுத்தார்கள். ஒரு சதம் செலவில்லை, பஸ் காசு மட்டும்தான். ஒப்பரேசன் முடிந்து வீட்டுக்கு வந்த மூன்றாவது இரவு, அவன் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை என்று பயந்து மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு அமைதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அப்படி அவன் படுத்து நான் கண்டதே இல்லை.

தியேட்டர் தாதி, வவுனியா

ரீச்சர், நன்றி. பிள்ளைகளுக்கு முதல் மருத்துவமே இந்த ஒப்பரேசன்தான், வளர்ந்தவர்களின் கணக்கு இங்கே இல்லை. அமெரிக்காவில் 5 முதல் 9 வயது வரையான 464 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2013இல் வந்தது. உடனே ஒப்பரேசன் செய்த பிள்ளைகளில் ஏழு மாதத்தில் 79 வீதமானவர்களுக்குப் பரிசோதனை சரியாகியது. பொறுத்துப் பார்த்த பிள்ளைகளிலும் 46 வீதமானவர்களுக்குத் தானாகவே சரியாகியது. அதனால் இலேசாக உள்ள பிள்ளைக்கு வைத்தியர் கொஞ்சம் பொறுப்போம் என்றால் அதுவும் நியாயம்தான். பிள்ளை குண்டாக இருந்தால் ஒப்பரேசனுக்குப் பிறகும் மிச்சம் இருக்கலாம், திரும்பப் பார்க்க வேண்டும்.

மல்லாவிப் பெடியன், ஜேர்மனி

எனக்கு நாக்கு நரம்புக்கு மின்கருவி வைத்து இரண்டரை வருடம். வலது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. அங்கிருந்து ஒரு கம்பி தாடைக்குக் கீழே நாக்கை முன்தள்ளும் நரம்புக்குப் போகிறது. படுக்கும்போது ரிமோட்டை நெஞ்சில் வைத்து அமத்துவேன். மூச்சு உள்ளே இழுக்கும் நேரம் நாக்கு மெதுவாக முன்னுக்கு நகரும். முதல் மாதம் ஒரு மீன் வாய்க்குள் அசைகிற மாதிரி இருந்தது, பிறகு பழகிவிட்டது.

எடுத்தவுடன் யாருக்கும் வைப்பதில்லை. சீபாப் முயன்று முடியாமல் போயிருக்க வேண்டும், நிறையும் பார்ப்பார்கள். அதற்கு மேல், மருந்து கொடுத்து நித்திரையாக்கி மூக்கு வழியே கமெரா விட்டுத் தொண்டை எப்படி ஒட்டுகிறது என்று பார்ப்பார்கள். அண்ணம் சுருக்குப் பை வாய்போல எல்லாப் பக்கமும் சுருங்கினால் இந்தக் கருவி சரிவராது. முன்னும் பின்னுமாக ஒட்டினால் நல்லது. எனக்கு இரண்டாவது வகை.

2014இல் வந்த ஆய்வில் 126 பேருக்கு வைத்து ஒரு வருடம் பார்த்தார்கள். ஏஎச்ஐயின் நடு அளவு 29.3இலிருந்து 9க்கு இறங்கியது. எனக்கு 44இலிருந்து 11. இங்கே காப்புறுதி கட்டியது. சொந்தக் காசில் என்றால் நானும் செய்திருக்க மாட்டேன். டிப்பர் அண்ணை இதை நம்பிக் காத்திருக்க வேண்டாம் என்பதற்காகத்தான் வெளிப்படையாகச் சொல்கிறேன்.

பல் வைத்தியம் படித்தவன், பேராதனை

தாடை ஒப்பரேசனையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வளர்ந்தவர்களுக்குக் கடுமையான அப்னியாவில் மிக நல்ல பலன் தருகிற ஒப்பரேசன்களில் அதுவும் ஒன்று. மேல் தாடையையும் கீழ்த் தாடையையும் அறுத்து, இரண்டையும் ஒரு சென்ரிமீற்றர் அளவில் முன்னுக்கு நகர்த்தி, தகடும் திருகாணியும் வைத்துப் பூட்டுவது. எலும்பு முன்னுக்குப் போகும்போது அண்ணம், நாக்கு, பக்கச் சுவர் எல்லாம் கூடவே இழுபடுகிறது. தொண்டைக்குள் எதையும் வெட்டாமல் பாதை முழுக்க அகலமாகிறது. 2010இல் பல ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்ததில் 100க்கு 86 பேருக்குப் பலன், 43 பேருக்கு ஏஎச்ஐ 5க்குக் கீழேயே வந்திருக்கிறது.

ஆனால் சின்ன வேலை இல்லை. பல மணித்தியால ஒப்பரேசன், வாரக் கணக்கில் கரைத்துக் குடிக்கிற சாப்பாடுதான். கீழ் உதடும் நாடியும் மரத்துப்போகும், சிலருக்கு அது நிரந்தரம். பல் கடி மாறலாம், முகமும் கொஞ்சம் மாறும். பிறப்பிலேயே கீழ்த்தாடை உள்வாங்கியவர்களுக்குக் கட்டாயம் யோசிக்கலாம். அண்ணையின் பக்கவாட்டு முகத்தைப் பார்க்காமல் அதற்கு மேல் நான் சொல்லக் கூடாது.

பரந்தன் சந்தி

கழுத்தில் துளை போடுவதும் இதற்குத்தானா? வாட்டில் ஒருவருக்குக் கண்டேன்.

தியேட்டர் தாதி, வவுனியா

முதன்முதலில் இந்த வருத்தத்துக்குச் செய்ததே அதுதான், 1969இல். தொண்டை ஒட்டுகிற இடத்துக்குக் கீழே துளை போட்டால் பிரச்சினையையே தாண்டிவிடுகிறது. ஆனால் கழுத்தில் குழாயோடு வாழ வேண்டும். இப்போது வேறு வழியே இல்லாதவருக்குத்தான். 1981இல் சிட்னியில் சலிவன் சீபாப்பைக் கொண்டுவந்த பிறகுதான் ஆட்கள் அந்தத் துளையிலிருந்து தப்பினார்கள்.

நிறையையும் சேர்த்துச் சொல்கிறேன். உடம்பு நிறையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஏஎச்ஐ கால் பங்கு அளவில் இறங்கும். டிப்பர் அண்ணைக்கு அது 9 கிலோ. நாக்குக்குள்ளும் கொழுப்பு படிகிறது, நிறை இறங்கும்போது அதுவும் இறங்குகிறது. மிகக் குண்டானவர்களுக்கு இரைப்பையைச் சிறிதாக்கும் ஒப்பரேசன், தொண்டை ஒப்பரேசனைவிடப் பெரிய பலன் தரலாம்.

கடைசியாக ஒன்று. ஹேர்னியாவோ, முறிந்த காலில் ஆணி வைப்பதோ, எந்த ஒப்பரேசனுக்குப் போனாலும் மயக்க மருந்து கொடுக்கிற வைத்தியரிடம் குறட்டையையும் மூச்சு நிற்பதையும் சொல்லுங்கள். மயக்கமும் கடும் வலி மருந்தும் தொண்டையை இன்னும் தளர்த்தும். சொல்லாமல் விட்டு, இரவு வாட்டில் ஒட்சிசன் 60 வீதத்துக்கு இறங்கியவரைத் தட்டித் தட்டி எழுப்பி நான் விடியும் வரை நின்றிருக்கிறேன். வீட்டில் சீபாப் இருந்தால் அதையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மாங்குளம் டிப்பர்காரன்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். அரச ஆஸ்பத்திரி கிளினிக்கில் காட்டி, அங்கிருந்து கடிதம் வாங்கிக் கொழும்பில் ஒரு இரவு பரிசோதனை செய்தேன். ஏஎச்ஐ 38. ஒட்சிசன் 71 வீதம் வரைக்கும் இறங்கியிருக்கிறது. அந்தத் தாளில் கோடு விழுந்து விழுந்து எழும்புவதைப் பார்த்துவிட்டு மனைவி ஒன்றும் பேசவில்லை. வெளியில் வந்து வாங்கில் இருந்து அழுதாள்.

தங்கச்சி சொன்னதைத்தான் வைத்தியரும் சொன்னார். ரொன்சில் சிறிது, நாக்கு பெரிது, அண்ணத்தை வெட்டிப் பிரயோசனமில்லை. முதலில் சீபாப், நிறையைக் குறைப்பது, ஆறு மாதத்தில் மறுபடி பார்ப்போம், சரிவராவிட்டால் கமெரா விட்டு எங்கே ஒட்டுகிறது என்று பார்த்து முடிவெடுப்போம் என்றார். ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொன்ன அந்த ஒப்பரேசனுக்கு வைத்திருந்த காசில் பாவித்த இயந்திரம் ஒன்றைச் சோதித்து வாங்கினேன். முகமூடி மட்டும் புதிது.

இன்றைக்கு ஒன்பதாவது இரவு. முதல் மூன்று இரவும் பிடுங்கி எறிந்தேன். நான்காம் இரவு ஐந்து மணித்தியாலம் போட்டேன். காலையில் தலையிடி இல்லை. பல வருடமாகத் தலையிடியோடு எழும்புவதுதான் இயல்பு என்று நினைத்திருந்தேன்.

ஒரு சந்தேகம். கரண்ட் போனால் என்ன செய்வது? 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் நின்றதை மறக்க முடியுமா? டிப்பர் பற்றரியில் ஓட்டலாமா?

அக்கராயன் குளத்தடி

வாகனப் பற்றரியில் வேண்டாம், தம்பி. அது ஸ்டார்ட் பண்ணத்தான், இரவு முழுக்க இழுத்தால் பழுதாகும். சோலருக்குப் பாவிக்கிற டீப் சைக்கிள் பற்றரி ஒன்றும், இயந்திரத்தின் மொடலுக்குப் பொருந்துகிற டிசி மாற்றியும் வாங்குங்கள். காற்றைச் சூடாக்கி ஈரமாக்குகிற பகுதியை நிறுத்திவிட்டால் கரண்ட் மிச்சம், இரண்டு இரவு தாங்கும். என்னிடம் ஒரு பழைய பற்றரி இருக்கிறது, சும்மாதான் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை கிளிநொச்சிச் சந்தைக்கு வருவேன். இயந்திரத்தையும் கொண்டுவாருங்கள், பொருந்துகிறதா என்று பார்ப்போம்.

மாங்குளம் டிப்பர்காரன்

வருகிறேன், ஐயா. மச்சான்தான் ஓடுவான், நான் பக்கத்தில் இருந்து வருவேன்.